ஆடுகளத்துக்கு ஏற்ற காலணி

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றி வாழும் தமிழர்களுக்குக் காலை நடை புதிதன்று. காப்பியை அருந்திவிட்டு ரவீந்திர சரோவரின் கரையில் நடந்து, திரும்பும் வழியில் வாழைக்காயும் முருங்கைக்காயும் வாங்கி வருவது பல குடும்பங்களில் நெடுநாளைய வழக்கம். அண்மைக் காலத்தில் இந்த நடையோடு வேறொன்றும் சேர்ந்திருக்கிறது. ஓய்வு பெற்ற அதிகாரியும், பள்ளி ஆசிரியையும், கணிப்பொறி நிறுவனத்தில் இரவு வேலை பார்த்துவிட்டு வரும் இளைஞரும் கையில் ஒரு தட்டையான மட்டையோடு ஏதேனும் ஒரு மொட்டை மாடியையோ குடியிருப்பின் பின்புறத்தையோ நோக்கி விரைகிறார்கள். சால்ட் லேக்கிலும் நியூ டவுனிலும் தென் கொல்கத்தாவிலும் பிக்கிள்பால் என்னும் ஆட்டம் பரவி வருகிறது. மும்பை, ஆமதாபாத், பெங்களூரு என்று நம்மவர் குடியேறிய நகரங்கள் பலவற்றிலும் இதே காட்சியைக் காணலாம்.

பெயரைக் கேட்டதும் ஊறுகாய் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் ஆட்டத்திற்கும் ஊறுகாய்க்கும் உறவு எதுவுமில்லை. 1965ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த பெயின்பிரிட்ஜ் தீவில் ஜோயல் பிரிட்சர்ட், பில் பெல், பார்னி மெக்கல்லம் ஆகிய மூவர், வீட்டுக்குப் பின்னாலிருந்த பழைய பாட்மிண்டன் களத்தில், கைக்குக் கிடைத்த மட்டைகளையும் துளைகள் உள்ள பிளாஸ்டிக் பந்தையும் கொண்டு குடும்பத்தாரின் பொழுதுபோக்காக இதனைத் தொடங்கினர். பெயர் வீட்டு நாயிடமிருந்து வந்ததா, மீந்துபோன துடுப்பாளர்களைக் கொண்டு நிரப்பும் படகின் பெயரிலிருந்து வந்ததா என்பது பற்றி அக்குடும்பத்து நண்பர்களே இருவேறு கதைகள் சொல்லி வந்தார்கள். அன்றைய பாட்மிண்டன் களத்தின் அளவே இன்றும் இவ்வாட்டத்தின் அளவு. நீளம் 44 அடி, அகலம் 20 அடி. வலையின் உயரம் இரு ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம். வலையை ஒட்டி இருபுறமும் 7 அடி ஆழத்திற்கு ஒரு பகுதி உண்டு. அதற்குள் நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. ஆட்டக்காரர்கள் அப்பகுதிக்கு வேடிக்கையாகச் 'சமையலறை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த அளவுகளைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டென்னிஸ் களத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய இடம். இங்கே நீண்ட ஓட்டம் இல்லை. பக்கவாட்டில் இரண்டடி, முன்னே ஓரடி, சட்டென்று நிற்பது, மறுபடியும் பக்கவாட்டில் திரும்புவது என்று கால்கள் ஓயாமல் சிற்றடிகள் இட்டவண்ணம் இருக்கும். ஆட்டம் எளிது என்று எண்ணிப் பல ஆண்டுகளாக விளையாட்டையே மறந்துவிட்ட ஐம்பது, அறுபது வயதினர் களத்தில் இறங்குகிறார்கள். மனம் இருபதில் நிற்கிறது, முழங்கால் அறுபதில் நிற்கிறது. அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் பதிவான பிக்கிள்பால் காயங்களை ஆராய்ந்தவர்கள், முதியோரின் காயங்களுக்குச் சறுக்கியோ தடுக்கியோ விழுவதே முதன்மையான காரணம் என்று கண்டார்கள். ஆண்களிடையே தசைப்பிடிப்பும் சுளுக்கும் மிகுதி, பெண்களிடையே எலும்பு முறிவு, அதிலும் மணிக்கட்டு முறிவு மிகுதி என்றும் அவ்வாராய்ச்சி தெரிவிக்கிறது. கீழே விழும்போது கையை ஊன்றுவது எல்லோருக்கும் இயற்கை. வயது கூடிய எலும்பு அதைத் தாங்குவதில்லை.

சொந்த ஊரில் கால் சுளுக்கினால் அண்ணன் மகனோ அடுத்த வீட்டு மாமாவோ ஓடி வருவார்கள். வேற்று மாநிலத்தில், மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில், கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் வீட்டில், கணுக்கால் ஆறு வாரம் கட்டுப்பட்டுக் கிடந்தால் என்ன ஆகும் என்பதை நம்மில் பலர் அனுபவத்தில் அறிவோம். நம்முடன் ஆடும் அன்பர் ஒருவர் ஓட்டப் பயிற்சிக்கென வாங்கிய விலையுயர்ந்த காலணியை அணிந்து களத்தில் இறங்கினார். மூன்றாம் நாள் பக்கவாட்டில் ஒரு பந்தை எட்டப் போனபோது கணுக்கால் வெளிப்புறமாக மடிந்தது. காலணி மட்டமானது என்று அவர் சினந்துகொண்டார். அது மட்டமானதன்று, தனக்குரிய வேலையை நன்றாகவே செய்யக்கூடியது. அவர் இட்ட வேலைதான் வேறு.

ஓட்டத்துக்குரிய காலணி ஒரே திசையில், அதாவது முன்னோக்கிச் செல்வதற்காக அமைக்கப்படுவது. குதிகாலின் கீழே தடித்த, மென்மையான நுரை இருக்கும். ஒவ்வோர் அடியும் தரையில் படும் அதிர்ச்சியை அந்த நுரை வாங்கிக்கொள்கிறது. அதனால் பாதம் தரையிலிருந்து ஒரு மேடையில் ஏறி நிற்பது போல் உயர்ந்து நிற்கிறது. இப்போது உடல் பக்கவாட்டில் பாய்ந்து நிற்க முயலும்போது உடலின் எடை முழுவதும் பாதத்தின் வெளி விளிம்பில் விழுகிறது. மென்மையான நுரை அந்த விளிம்பில் நசுங்கிச் சரிகிறது. மேடை சாய்கிறது, மேலிருக்கும் கணுக்காலும் அதனோடு சாய்கிறது. கணுக்காலின் வெளிப்புறத்தில் எலும்புகளைப் பிணைத்திருக்கும் நார்கள் அளவுக்கு மீறி இழுபடுவதையே நாம் சுளுக்கு என்கிறோம். ஆடுகளத்துக்கென அமைந்த காலணியில் நுரை தாழ்ந்தும் சற்றுக் கடினமாகவும் இருக்கும். அடிப்பாகம் முன்பாதத்தின் வெளிப்புறத்தில் சிறிது அகன்று, மேல்பாகத்தின் மீதும் ஏறி ஒட்டியிருக்கும். பக்கவாட்டில் பாதம் வழுக்கி வெளியேறாதபடி மேல்பாகத்தின் இரு பக்கங்களும் வலுவூட்டப்பட்டிருக்கும். மெத்தென்று இருப்பதே நல்ல காலணி என்று கடையில் எண்ணிவிடுகிறோம். ஆடுகளத்தைப் பொறுத்தவரை அந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

கொல்கத்தாவில் இருந்துகொண்டு ஆடுகளக் காலணியைப் பற்றிப் பேசும்போது பாட்டாநகரைக் கடந்து செல்ல முடியாது. செக்கோஸ்லோவாகியாவின் ஸ்லீன் நகரில் தோன்றிய பாட்டா நிறுவனம் 1931இல் இந்தியாவில் தன் நிறுவனத்தைப் பதிவு செய்தது. முதலில் ஹூக்ளி நதிக்கரையில் கொன்னகரில் சிறிய அளவில் தொழில் தொடங்கி, 1934இல் நகருக்குத் தென்மேற்கே பெரிய தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டியது. தொழிற்சாலையோடு குடியிருப்புகளும் எழுந்து, அவ்விடமே பாட்டாநகர் என்று பெயர் பெற்றது. நம்மில் பலர் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் தேகப்பயிற்சி வகுப்புக்கு அணிந்த வெள்ளைக் கான்வாஸ் காலணி நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை அதைக் கழுவி, வெள்ளைப் பூச்சுப் பூசி, திண்ணையில் காய வைத்திருப்போம். வங்காளத்துப் பிள்ளைகள் அவ்வகைக் காலணிகளைக் 'கெட்ஸ்' என்று அழைப்பார்கள். 'பாட்டா டென்னிஸ்' என்னும் காலணி 1936இல் இந்தியப் பள்ளிச் சிறுவர்களுக்காகவே வடிவமைக்கப்பட்டது என்று அந்நிறுவனம் கூறுகிறது. கான்வாஸ் துணியோடு ரப்பர் அடிப்பாகத்தைச் சேர்த்து, கந்தகம் கலந்த அந்த ரப்பரை வெப்பத்தில் வேக வைத்து இறுக்கி ஒட்டுவது இத்தகைய காலணியின் செய்முறை. அது தாழ்வானது, தட்டையானது, பாதத்தைத் தரையோடு வைத்திருப்பது. ஆகவே பக்கவாட்டில் சாயும் அபாயம் அதில் குறைவு. அதிர்ச்சியைத் தாங்கும் நுரை இல்லாததும், குதிகாலைப் பிடிக்கும் உறுதி இல்லாததும் அதன் குறைகள். பன்னிரண்டு வயதில் அந்தக் குறைகள் தெரியவில்லை. இப்போது அதே காலணியை அணிந்து சிமெண்டுத் தரையில் ஒரு மணி நேரம் ஆடினால் மறுநாள் காலை குதிகால் சொல்லிவிடும்.

காலணியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் தரையைப் பார்க்க வேண்டும். இதற்கும் கொல்கத்தாவிலேயே புகழ்பெற்ற சான்று இருக்கிறது. 1920இல் நிறுவப்பட்ட கல்கத்தா சவுத் கிளப்பின் புல்தரைகள் உலகறிந்தவை. நாகர்கோவிலில் பிறந்து, சென்னையிலிருந்து புறப்பட்டு, 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதியை எட்டிய ராமநாதன் கிருஷ்ணன், 1966 டிசம்பரில் அந்தப் புல்லில்தான் பிரேசில் நாட்டுத் தாமஸ் கோச்சை எதிர்த்து ஆடினார். இரண்டு செட்டுகளை இழந்து, நான்காம் செட்டில் 2க்கு 5 என்று பின்தங்கியிருந்த நிலையிலிருந்து மீண்டு அவர் வென்ற வெற்றியே இந்தியாவை முதன்முறையாக டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றுக்கு இட்டுச் சென்றது. அந்நாளைக் கண்ட மூத்த தமிழர்களும் வங்காளிகளும் ஒரே குரலில் பெருமைப்படும் நிகழ்ச்சி அது. புல் வழுக்கும் தன்மையுடையது. பனி ஈரம் இருந்தால் இன்னும் வழுக்கும். ஆகையால் புல்தரைக் காலணியின் அடிப்பாகத்தில் சிறுசிறு ரப்பர் முளைகள் நெருக்கமாக அமைந்திருக்கும். அதே காலணியைச் சிமெண்டில் அணிந்தால் அம்முளைகள் சில நாட்களில் தேய்ந்துபோகும்.

பிக்கிள்பால் பெரும்பாலும் இருவகைத் தரைகளில் ஆடப்படுகிறது. முதலாவது, திறந்த வெளியில் சிமெண்டு அல்லது தார்த் தளத்தின் மேல் மணல் கலந்த அக்ரிலிக் வண்ணம் பூசிய கடுந்தரை. இது உப்புத்தாளைப் போல ரப்பரை அரைக்கும். இதற்குத் தடித்த, கடினமான ரப்பர் வேண்டும். அதன்மேல் மீன்முள்ளைப் போல வளைந்து வளைந்து செல்லும் கோடுகள் இருப்பது நல்லது. எந்தத் திசையில் தள்ளினாலும் அக்கோடுகளின் ஏதேனும் ஒரு விளிம்பு தரையைப் பற்றும். டென்னிஸ் காலணிகளில் பெரும்பாலானவை இவ்வாறு அமைந்தவை. இரண்டாவது, உள்ளரங்கத்தின் மரத் தளம் அல்லது செயற்கைப் பாய். அங்கே பழுப்பு நிறமான மென் ரப்பர் அடிப்பாகம் சிறந்தது. பாட்மிண்டன், வாலிபால் காலணிகளில் இதனைக் காணலாம். இந்த மென் ரப்பரைச் சிமெண்டுக்கு எடுத்துச் சென்றால் விரைவில் தேய்ந்துவிடும். கடும் ரப்பரைத் தூசி படிந்த மரத்துக்குக் கொண்டு வந்தால் சறுக்கிவிடும். இரண்டு இடங்களிலும் ஆடுபவர் இரண்டு ஜோடி வைத்துக்கொள்வது ஆடம்பரமன்று. ஒரு ஜோடிதான் வாங்க இயலும் என்றால், எந்த இடத்தில் மிகுதியாக ஆடுகிறோமோ அதற்கே வாங்க வேண்டும்.

பிடிப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்று எண்ணுவதும் பிழை. கால் தரையில் ஒட்டிக்கொண்டு நிற்க, உடல் மட்டும் திரும்பினால் அந்தத் திருகலை முழங்கால் ஏற்க வேண்டியதாகிறது. புதுக் காலணியை அணிந்த முதல் வாரத்தில் முழங்கால் வலிப்பதாகப் பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். முதல் சில நாட்கள் விரைவைக் குறைத்து ஆடி, அடிப்பாகத்தின் புதுமெருகு தேய்ந்த பிறகு முழு ஆட்டம் ஆடுவது அறிவுடைமை. இங்கேயே மற்றொன்றையும் சொல்லிவிடலாம். தலைக்கு மேல் பந்து போகும்போது பின்னோக்கி ஓடாதீர்கள். எந்தக் காலணியும் அப்போது காப்பாற்றாது. உடலைத் திருப்பிக்கொண்டு ஓடுங்கள், அல்லது அந்தப் புள்ளியை எதிரிக்கு விட்டுவிடுங்கள்.

இனி அளவைப் பார்ப்போம். நம் நாட்டுக் கடைகளில் ஏழு, எட்டு, ஒன்பது என்று சொல்லும் எண்கள் ஆங்கிலேயர் விட்டுச் சென்றவை. அவர்களுடைய பழைய வழக்கில் வாற்கோதுமை மணி ஒன்றின் நீளம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு இன்றும் அந்த ஒரு மணியின் நீளந்தான். ஐரோப்பியக் கணக்கில் ஒவ்வோர் எண்ணுக்கும் வேறுபாடு மூன்றில் இரண்டு சென்டிமீட்டர். அமெரிக்கர்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு எண்களை வைத்திருக்கிறார்கள். ஒரே பெட்டியின் மேல் இவை எல்லாம் அச்சிடப்பட்டிருப்பதால் வாங்குவோர் மயங்குவதில் வியப்பில்லை. ஆனால் இந்த எண்கள் எல்லாம் நீளத்தை மட்டுமே சொல்கின்றன. நமக்குள்ள தொல்லை அகலத்தில் இருக்கிறது.

சென்னை அடையாற்றில் 1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இவ்விஷயத்தில் பெரும் பணி ஒன்றைச் செய்திருக்கிறது. (அந்நிலையத்தின் முதல் இயக்குநர் பி. எம். தாஸ், கொல்கத்தாவில் தோல் பதனிடும் தொழிற்கல்வியை வளர்த்தவர் என்பதை இங்கு வாழும் நாம் நினைவில் கொள்ளலாம்.) 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட மக்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவிகளால் அந்நிலையத்தார் அளந்தார்கள். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, வடகிழக்கு என்று ஐந்து பகுதிகளுக்கும் தனித்தனி அளவு முறை வேண்டியிருக்கும் என்பது தொடக்கத்தில் இருந்த எண்ணம். அளந்து பார்த்த பின், நாடு முழுவதற்கும் ஒரே முறை போதும் என்று தெரிந்தது. அதற்குப் பாரதத்தின் முதலெழுத்தையே பெயராக வைத்தார்கள். பொதுவாக இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட முன்புறத்தில் அகன்றது என்பது அவர்கள் கண்ட முக்கியமான செய்தி. செருப்பணிந்தும் வெறுங்காலோடும் வளர்ந்த நமக்கு இது புதிய செய்தியாகத் தோன்றாது. குறுகிய காலணிக்குள் அகன்ற பாதம் புகுவதற்காக நாம் ஓர் எண் பெரிதாக வாங்குகிறோம். அகலம் சரியாகிறது, நீளம் மிஞ்சுகிறது. மிஞ்சிய நீளத்தைச் சமாளிக்க நாடாவை இறுக்கிக் கட்டுகிறோம். ஆடும்போது பாதம் உள்ளே முன்னும் பின்னும் வழுக்குகிறது, நகம் கறுக்கிறது, காலணியின் முனை தரையில் தட்டுகிறது. செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிப்பதா என்று நம் பெரியோர் கேட்டதற்கு நாம் புதுவிதமாக விடை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதற்குப் பரிகாரம் நீளத்தைக் கூட்டுவதன்று, அகலமான வார்ப்பைத் தேடுவது. ஆசிக்ஸ், நியூ பாலன்ஸ் போன்ற நிறுவனங்கள் ஒரே நீளத்தில் பல அகலங்களைச் செய்கின்றன. ஆண்களுக்குரியவற்றில் '2இ' என்ற குறி இருந்தால் அது அகன்ற வார்ப்பு, '4இ' அதனினும் அகன்றது. எல்லாக் கடைகளிலும் இவை இருக்கமாட்டா. கேட்டு வருவிக்க வேண்டும். அகன்ற பாதமுள்ள பெண்கள் ஆண்களுக்கான காலணியை வாங்குவதுண்டு. முன்புறம் இடம் கிடைக்கும். ஆனால் குதிகால் தளர்ந்து ஏறி இறங்கினால் அந்தக் காலணி உதவாது.

வாங்கப் புறப்படும் முன் வீட்டிலேயே அளந்துகொள்வது சிறந்த முறை. மாலை நேரத்தில் அளக்க வேண்டும். பகல் முழுவதும் நடமாடிய பாதம் சிறிது வீங்கியிருக்கும், ஆட்டத்தின் நடுவிலும் அது அவ்வாறே இருக்கும். ஆடும்போது அணியும் அதே காலுறையை அணிந்து, ஒரு தாளின் மேல் எழுந்து நின்று, வேறொருவரைக் கொண்டு பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரையச் செய்யுங்கள். உட்கார்ந்து அளந்தால் பாதம் விரியாது. இரண்டு பாதங்களையும் வரைந்து பெரியதன் நீளத்தையும் அகலத்தையும் சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். பலருக்கு ஒரு பாதம் மற்றொன்றைவிடச் சற்று நீளம். பெரிய பாதத்துக்கே காலணி வாங்க வேண்டும்.

கடையில் செய்ய வேண்டிய முதல் சோதனைக்குக் காலணியைக் காலில் போட வேண்டியதே இல்லை. உள்ளே இருக்கும் மெத்தைத் தகட்டை உருவி வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் நில்லுங்கள். உங்கள் பாதம் தகட்டின் விளிம்பைத் தாண்டி வெளியே பிதுங்கினால், அந்தக் காலணி எவ்வளவு அழகாயிருந்தாலும், விற்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், திருப்பிக் கொடுத்துவிடலாம். நாள்பட்டால் இளகும் என்பார்கள். தோற் காலணிக்கு அது ஓரளவு உண்மை. செயற்கைப் பொருள்களால் வலுவூட்டிய ஆடுகளக் காலணி அவ்வளவாக இளகாது.

அடுத்து, காலணியின் முனையையும் குதியையும் இரு கைகளால் பிடித்து மெல்ல மடக்க வேண்டும். விரல்கள் தொடங்கும் இடத்தில், அதாவது பாதம் இயற்கையாக மடியும் இடத்தில் அது மடிய வேண்டும். நடுவில் மடிந்தால் பாதத்தின் வளைவுக்கு ஆதரவு இல்லை என்று பொருள். பிறகு ஈரத் துணியைப் பிழிவது போல முறுக்கிப் பாருங்கள். சிறிது இணங்கலாம், ஆனால் கந்தலைப் போல முறுகிவிடக் கூடாது. குதிகாலின் பின்புறத்தைக் கட்டை விரலால் அழுத்துங்கள். அது உள்ளே குழிந்து விடாமல் எதிர்த்து நிற்க வேண்டும். காலணியை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து நோக்கினால் நேராக நிற்க வேண்டும். புதுக் காலணியே ஒருபுறம் சாய்ந்து நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். விலை குறைந்த போலிகளில் இது மிகுதி. எஸ்பிளனேடுப் பக்கத்துச் சந்தைகளில் உலகப் பெயர்கள் அனைத்தும் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. அவற்றின் மேலுள்ள பெயர் மட்டுமே அங்கிருந்து வந்தது, அடிப்பாகம் எங்கிருந்து வந்தது என்பது யாருக்கும் தெரியாது.

காலில் போட்ட பிறகு, நின்ற நிலையில், பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். நாடாவைக் கடைசித் துளை வரை கோத்துக் கட்டி, பக்கவாட்டில் நாலைந்து அடிகள் விரைந்து நகர்ந்து சட்டென்று நில்லுங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். அப்போது பாதம் உள்ளே நகர்ந்து விளிம்பில் மோதுகிறதா, குதிகால் தூக்குகிறதா என்று கவனிக்க வேண்டும். வெறுமே நடந்து பார்ப்பதால் ஆடுகளக் காலணியின் குணம் தெரியாது. வீட்டுக்கு வந்த பின்னும் ஒரு மணி நேரம் வீட்டுக்குள்ளேயே அணிந்து பழகினால், பொருந்தாவிட்டால் மாற்றிக்கொள்ள வழி இருக்கும். நீரிழிவு உடையவர்களுக்கு இது மிகவும் அவசியம். நீண்ட நாள் நீரிழிவால் பாதத்தின் உணர்ச்சி மங்கியிருந்தால் காலணி கடிப்பதே தெரியாது, தெரியாத கொப்புளம் புண்ணாகும். அத்தகையோர் ஒரு மணி நேரம் கழித்துக் காலணியைக் கழற்றிப் பாதம் முழுவதையும் கண்ணால் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். அரை மணி நேரத்துக்கு மேலும் மறையாத சிவந்த தடம் எங்கேனும் இருந்தால் அந்தக் காலணி வேண்டா. ஆட்டத்துக்கு முன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டிவிடுவதும் நலம்.

கடையில் நம்மால் செய்ய முடியாத சோதனைகளும் உண்டு. அவை ஆய்வுக் கூடங்களில் நடைபெறுகின்றன. உருளை ஒன்றின் மேல் உப்புத்தாளைப் போர்த்திச் சுழலவிட்டு, அடிப்பாகத்து ரப்பரின் சிறு துண்டை அதன்மேல் குறித்த பாரத்தோடு அழுத்தி, 40 மீட்டர் தூரம் உராய்ந்த பின் எத்தனை கன மில்லிமீட்டர் தேய்ந்தது என்று கணக்கிடுகிறார்கள். தேய்வு குறைந்த ரப்பர் கடுந்தரையில் நெடுநாள் உழைக்கும். அடிப்பாகத்தை இயந்திரத்தில் பூட்டி ஆயிரக்கணக்கான முறை மடக்கி விரிசல் காண்கிறதா என்று பார்க்கிறார்கள். அடிப்பாகத்தை மேல்பாகத்திலிருந்து பிரித்தெடுக்க எவ்வளவு விசை வேண்டும் என்றும், நனைந்த ஓட்டுத் தரையில் அது எவ்வளவு எளிதில் வழுக்குகிறது என்றும் அளக்கிறார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் விளையாட்டுக் காலணிகளுக்கென 15844 என்ற எண்ணில் தர விதி வகுத்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் 1ஆம் நாள் முதல் பல வகைக் காலணிகளுக்கு, சிறு தொழிலகங்களுக்குச் சில விலக்குகளோடு, இத்தகைய தர முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. பெட்டியிலோ காலணியின் நாக்கிலோ அந்த முத்திரையைத் தேடிப் பார்க்கலாம். அது காலணி உங்கள் பாதத்துக்குப் பொருந்தும் என்பதற்கு உறுதியன்று, பொருள் தரமானது என்பதற்கு மட்டுமே உறுதி.

பெட்டியின் மேல் 'பிக்கிள்பால்' என்று அச்சிட்ட காலணிகளும் இப்போது வருகின்றன. அவற்றுள் நல்லவை உண்டு. ஆனால் அந்தப் பெயருக்காக மிகுதியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது நம் கருத்து. வெளித்தரைக்கு நல்ல டென்னிஸ் காலணியும், உள்ளரங்கத்துக்கு நல்ல பாட்மிண்டன் காலணியும் இந்த ஆட்டத்துக்குப் போதும். பத்தாயிரம் ரூபாய்க்கு மேலும் காலணி உண்டு, இரண்டாயிரத்துச் சொச்சத்திலும் உண்டு. ஜலந்தரில் செய்யப்படும் நிவியா போன்ற உள்நாட்டுக் காலணிகளில் மேற்சொன்ன சோதனைகளில் தேறுவன கிடைக்கும். வாரம் இரு முறை ஆடும் ஒருவருக்கு அவை தாராளமாகப் போதும்.

கொல்கத்தாவின் காற்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கடலோரத் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கும் இங்குள்ள மழைக்கால ஈரம் மலைப்பூட்டும். சில காலணிகளின் நுரை பாலியூரிதேன் என்னும் பொருளால் ஆனது. காற்றிலுள்ள நீராவி நாளடைவில் அதன் மூலக்கூறுப் பிணைப்புகளை அறுத்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், அணியாமல் பூட்டி வைத்த காலணியே இவ்வாறு கெடுகிறது. மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்ததைப் பத்திரமாக அலமாரியில் வைத்து, மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து எடுத்து அணிந்து களத்தில் இறங்கினால், அடிப்பாகம் பிட்டைப் போல உதிர்ந்து விழுவதைக் காணலாம். ஓடும்போது இது நேர்ந்தால் விழுவது காலணி மட்டுமன்று. ஈ.வி.ஏ. என்னும் நுரை இப்படி உதிர்வதில்லை, ஆனால் நசுங்கி நசுங்கி நாளடைவில் தன் துள்ளலை இழக்கும். எந்த நுரையானாலும் ஒட்டும் பசை ஈரத்தில் தளரக்கூடும். நெடுநாள் வைத்திருந்த காலணியை அணியும் முன் அடிப்பாகத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்து, நுரையைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட வேண்டும்.

நனைந்த காலணியை வெயிலில் போடுவதும் அடுப்பருகே வைப்பதும் கூடா. பசை இளகும், ரப்பர் இறுகும். உள்தகட்டை வெளியே எடுத்து, நாடாவைத் தளர்த்தி, பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, மின்விசிறியின் கீழ் வைத்துத் தாளை இரண்டொரு முறை மாற்றினால் மறுநாள் உலர்ந்துவிடும். களத்துக்குச் செல்லும்போது செருப்பணிந்து சென்று அங்கே காலணி மாற்றிக்கொள்வது நல்லது. தெருவின் மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் அடிப்பாகத்தில் ஏறினால் எவ்வளவு நல்ல ரப்பரும் வழுக்கும். ஆட்டத்துக்கு இடையில் ஓர் ஈரத் துணியால் அடிப்பாகத்தைத் துடைத்துக்கொள்ளலாம். மழை பெய்து ஈரமாயிருக்கும் மொட்டை மாடியில் அன்றைய ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும். அங்கே எந்தக் காலணிக்கும் பிடிப்பில்லை.

காலணியை எப்போது கழித்துவிடுவது என்பது பலர் கேட்கும் கேள்வி. மேல்பாகம் கிழியும் வரை அணிவது நம் வழக்கம், ஏனெனில் கிழிசல் கண்ணுக்குத் தெரிகிறது. தேய்வு தெரிவதில்லை. பெருவிரலின் கீழும் முன்பாதத்தின் வெளி ஓரத்திலும் மீன்முள் கோடுகள் மறைந்து ரப்பர் வழவழப்பாகிவிட்டால் அதன் காலம் முடிந்தது. மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பார்க்கையில் ஒருபுறம் சரிந்து தோன்றினாலும் முடிந்தது. ஆட்டம் முடிந்த மறுநாள் முன்பு இல்லாத குதிகால் வலியோ முழங்கால் வலியோ தொடர்ந்து வந்தால், மருந்துக் கடைக்குப் போகும் முன் காலணியை ஒரு முறை புரட்டிப் பார்க்கலாம். கழித்த காலணியைக் காய்கறி வாங்கப் போவதற்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை. வாங்கிய தேதியை அழியாத மையால் நாக்கின் உட்புறத்தில் எழுதி வைத்தால், இது போன வருஷத்து ஜோடா, அதற்கும் முந்தையதா என்ற விவாதம் வீட்டில் எழாது.